கடல் சூடானதால் வந்ததா, கப்பலில் வந்ததா, முன்பே இருந்ததா? புதிதாகத் தென்படும் நுண்ணுயிரியை எப்படி உறுதிசெய்வது?

உவர்நீர்:

வணக்கம். துறைமுகத்தை ஒட்டிய ஒரு வளைகுடாவில் மாதாமாதம் பிளாங்க்டன் (நீரில் மிதக்கும் நுண்ணுயிர்கள்) மாதிரி எடுத்து, கெடாமல் காக்கும் லூகால் என்ற அயோடின் கரைசலில் வைக்கிறோம். பழைய பட்டியல் எதிலும் இல்லாத, சங்கிலி கோத்த டைனோஃப்ளாஜெல்லேட் (சாட்டை இழையால் நீந்தும் ஒற்றைச் செல் உயிரி) ஒன்று இப்போது கோடைதோறும் தலைகாட்டுகிறது. உருவத்தைப் பார்த்தால் ஜிம்னோடினியம் கேட்டனேட்டம் போலிருக்கிறது. இதே காலத்தில் மேற்பரப்பு வெப்பநிலையும் பழைய சராசரியைத் தாண்டியிருக்கிறது. அறிக்கையில் “கடல் வெப்பமடைந்ததால் குடியேறிய அயல் இனம்” என்று எழுதச் சொல்கிறார்கள். எனக்குத் தயக்கமாக இருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தன என்பதைத் தவிர வேறு சான்று கையில் இல்லை.

அயல் இனம்தான் என்று எதை வைத்துச் சொல்வது? வெப்பத்தின் பங்கைத் தனியாகப் பிரித்துக் காட்ட என்ன அளக்க வேண்டும்? விப்ரியோ போன்ற பாக்டீரியாக்களுக்கும் இதே முறை பொருந்துமா?

சேற்றுப்படிவம்:

தயக்கம் நியாயமானது. அந்த ஒரு வரியில் மூன்று கூற்றுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இனம் இதுதான், அது வெளியிலிருந்து வந்தது, வரவழைத்தது வெப்பம். ஒவ்வொன்றுக்கும் தனிச் சான்று வேண்டும்.

டாஸ்மேனியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஜிம்னோடினியம் கேட்டனேட்டத்தால் 1986-ல் சிப்பிப் பண்ணைகளை மூட வேண்டி வந்தது. சேற்றுத் தூண்களை வெட்டிக் காலம் கணித்தபோது, அதன் சிஸ்ட்கள் (சேற்றில் உறங்கிக் கிடக்கும் தடித்த உறை கொண்ட செல்கள்) 1970களின் தொடக்கத்துக்குப் பிந்தைய அடுக்குகளில் மட்டுமே இருந்தன. கப்பலின் பேலஸ்ட் நீரில் (சமநிலைக்காகத் தொட்டிகளில் நிரப்பும் நீரில்) வந்திருக்கும் என்ற முடிவுக்கு அது வலுவான ஆதாரமாகக் கொள்ளப்பட்டது. அதே கடற்கரையில் 2012-ல் அலெக்ஸாண்ட்ரியம் கேட்டனெல்லா என்ற இன்னொரு நச்சு டைனோஃப்ளாஜெல்லேட் திடீரெனப் பெருகி மஸல் என்ற சிப்பி வகையின் ஏற்றுமதியையே நிறுத்தியது. இதுவும் வந்தேறிதான் என்று பலரும் நினைத்தார்கள். ஆனால் கடலடிச் சேற்றில் எஞ்சியிருந்த பழைய டிஎன்ஏவைப் படித்தபோது, அலெக்ஸாண்ட்ரியம் அங்கே 8,000 ஆண்டுகளுக்கும் மேலாக இருந்துவருவது தெரிந்தது. ஒரே இடம், ஒரே மாதிரியான நச்சு, கதை மட்டும் நேர் எதிர்.

மூன்றாவது வகையும் உண்டு. பசிபிக்கைச் சேர்ந்த டயாட்டமான (சிலிக்கா ஓடு கொண்ட நுண்பாசியான) நியோடென்டிகுலா செமினே, சுமார் 8 லட்சம் ஆண்டுகளாக இல்லாமல் இருந்த வட அட்லாண்டிக்கில் 1999-ல் லாப்ரடார் கடலில் பிடிபட்டது. ஆர்க்டிக் பனி விலகிய வழியாக நீரோட்டமே கொண்டுவந்தது என்பதுதான் ஏற்கப்பட்ட விளக்கம். மனிதன் சுமந்துவந்ததல்ல, ஆனால் வெப்பம் கதவைத் திறந்தது.

உங்கள் இனம் இந்த மூன்றில் எது என்பதற்குப் பதில் பெரும்பாலும் சேற்றில்தான் இருக்கிறது. செய்முறை இதுதான்.

துறைமுகத்துக்குள் எடுக்காதீர்கள். தூர்வாரிய இடத்தில் அடுக்கு கலைந்திருக்கும், அந்தத் தூண் எதற்கும் உதவாது. படிவு அமைதியாகச் சேரும், அலையடி குறைந்த குழியாகப் பாருங்கள். 6 முதல் 8 செ.மீ. விட்டமுள்ள குழாயைச் செங்குத்தாக இறக்கி, மேலே ஒட்டியுள்ள நீர் கலங்காமல் தூக்க வேண்டும். நீர் கலங்கியிருந்தால் மேல் அடுக்கு போய்விட்டது என்று அர்த்தம், மறுபடி எடுங்கள். 1 செ.மீ. வில்லைகளாக வெட்டி, குழாய்ச் சுவரில் உரசிய வெளி வளையத்தைச் சீவி எறியுங்கள். சுவரோடு இழுபட்ட புதுச் சேறு கீழ் அடுக்கில் ஒட்டுவதுதான் “பழைய அடுக்கிலேயே இருந்தது” என்ற பொய்முடிவுக்கு முதல் காரணம்.

காலக்கணிப்புக்கு ஈயம்-210. அரை ஆயுள் 22.3 ஆண்டு, எனவே 100 முதல் 150 ஆண்டு வரைதான் நம்பலாம். கூடவே சீசியம்-137 பார்த்து, அணுகுண்டுச் சோதனைகளின் 1963-ஐ ஒட்டிய உச்சம் ஈயக் கணக்கோடு பொருந்துகிறதா என்று சரிபாருங்கள். புழுக்கள் கிளறும் சேற்றில் சிஸ்ட்கள் பல செ.மீ. கீழே இறங்கிவிடும். ஆகவே முதல் தோற்றத்தை ஒரு வருடமாகச் சொல்லாமல், கலக்கும் ஆழத்தையும் சேர்த்து ஒரு கால இடைவெளியாகச் சொல்லுங்கள்.

சிஸ்ட் எண்ண ஒதுக்கிய சேற்றை இருட்டில் 4 டிகிரியில், காற்றுப் புகாமல் வையுங்கள். கேட்டனேட்டத்தின் உறக்கம் குறுகியது, ஏறக்குறைய இரண்டே வாரம். வெளிச்சத்திலும் வெதுவெதுப்பிலும் வைத்தால் நீங்கள் எண்ணுவதற்குள் முளைத்து வெற்றுக் கூடுதான் மிஞ்சும். எண்ணும்போது சேற்றை வடித்த கடல்நீரில் கரைத்து, இரண்டு நிமிடம் ஒலியலைக் குளியலில் வைத்து, 100 மைக்ரான் சல்லடையில் விட்டு, 20 மைக்ரான் சல்லடையில் நிற்பதை எடுங்கள். கேட்டனேட்டம் பழுப்பு நிற உருண்டை, மேலே நுண்ணிய வலைப்பின்னல், விட்டம் சுமார் 38 முதல் 60 மைக்ரான். கட்டாயம் அளக்க வேண்டும். நோலெரி என்ற நச்சில்லாத உறவினத்தின் சிஸ்டும் அதே வலைப்பின்னலோடுதான் இருக்கும், ஆனால் சிறியது. ஸ்காண்டிநேவியச் சேற்றில் கேட்டனேட்டம் என்று பதிவான பழைய சிஸ்ட்கள் பின்னர் நோலெரி என்று திருத்தப்பட்டன.

ஒன்று மறக்காதீர்கள். புவியியல் ஆய்வகங்களில் மகரந்தம் பிரிக்க அமிலம் போடும் முறையில் கேட்டனேட்டம் பிழைக்கும், அலெக்ஸாண்ட்ரியம் பெரும்பாலும் பிழைக்காது. அந்தத் தகடுகளில் அலெக்ஸாண்ட்ரியம் இல்லை என்பது இல்லாததற்குச் சான்றல்ல. அதற்கு அமிலம் படாத சேற்றில் ப்ரிமுலின் சாயமேற்றி, நீல ஒளியில் பச்சை-மஞ்சளாக ஒளிர்வதை எண்ண வேண்டும்.

வெப்பக்கோடு:

வெப்பத்தின் பங்கு பற்றி நான் சொல்கிறேன். பெரும்பாலான அறிக்கைகள் ஆண்டுச் சராசரியைத்தான் காட்டுகின்றன. உயிரிக்குச் சராசரி தெரியாது. வெப்பமண்டலத்திலிருந்து நகரும் இனத்தைத் தடுத்து நிறுத்துவது பெரும்பாலும் குளிர்காலத்தின் கடைக் குளிர்தான். சூயஸ் வழியாக வந்த ஃபோராமினிஃபெரா (ஓடுள்ள ஒற்றைச் செல் உயிரி) என்று பொதுவாகக் கருதப்படும் ஆம்ஃபிஸ்டெஜினா லோபிஃபெரா, மத்தியதரைக் கடலில் வடமேற்காகப் பரவும்போது அதன் எல்லை குளிர்கால 14 டிகிரிக் கோட்டை ஒட்டியே நகர்கிறது. எனவே மூன்று எண்களைத் தனித்தனியே எடுங்கள்: ஆண்டின் மிகக் குளிர்ந்த 30 நாட்களின் சராசரி, உங்கள் இனம் வளரத் தொடங்கும் வெப்பநிலைக்கு மேல் இருந்த நாட்களின் எண்ணிக்கை, கடல் வெப்ப அலை நாட்கள்.

வெப்ப அலைக்கு எல்லோரும் பயன்படுத்தும் வரையறை: அந்த நாளுக்குரிய 90-ஆம் சதமானத்தைத் தாண்டி, குறைந்தது ஐந்து நாள் தொடர வேண்டும். அடிப்படைக் காலம் 30 ஆண்டு. செயற்கைக்கோள் தினசரித் தரவு 1981 செப்டம்பரிலிருந்து கிடைக்கிறது, ஆனால் கால் டிகிரிக் கட்டம் என்பது ஒரு பக்கம் ஏறக்குறைய 25 கி.மீ. உங்கள் வளைகுடா அதற்குள் தொலைந்துபோகும். நீண்ட காலப் போக்குக்கு அதை வைத்துக்கொண்டு, வளைகுடாவுக்குள் பதிவுக்கருவிகளை இறக்குங்கள். மேல் 1 மீட்டரில் ஒன்று, அடிச்சேற்றுக்கு அரை மீட்டர் மேலே ஒன்று, 30 நிமிட இடைவெளி போதும். சிஸ்ட் முளைப்பது அடியில் உள்ள வெப்பத்தைப் பொறுத்தது, மேற்பரப்புப் படத்தைப் பொறுத்தல்ல.

இறக்கும் முன்னும் எடுத்த பின்னும் பனிக்கட்டி-நீர்க் கலவையில் வைத்து 0 டிகிரி காட்டுகிறதா என்று பாருங்கள். தெளிந்த ஆழமில்லா நீரில் கறுப்பு உறை வெயிலில் தானே சூடாகும், வெள்ளைக் குழாய்க்குள் ஓட்டை போட்டு வையுங்கள். கொட்டலசு படிந்தால் மாற்றங்களைக் காட்டுவதில் கருவி மந்தமாகிவிடும். மாதாமாதம் போகிறீர்களே, அப்போதே சுரண்டிவிடலாம்.

பிறகு ஆய்வகத்தில் வளர்ச்சி வரைகோடு. உங்கள் நீரிலிருந்தே பிரித்த குறைந்தது மூன்று கால்வழிகள் (ஒரே இனத்தின் தனித்தனி வழித்தோன்றல் வளர்ப்புகள்), 10 முதல் 32 டிகிரி வரை 2 டிகிரி இடைவெளி, ஒவ்வொன்றும் மூன்று குடுவை. ஒரேயடியாக 20-லிருந்து 28-க்குத் தூக்கிப் போட்டால் செத்துவிடும், நீங்கள் அதை “தாங்காத வெப்பம்” என்று எழுதிவிடுவீர்கள். படிப்படியாக நகர்த்தி, ஒவ்வொரு படியிலும் மூன்று நான்கு தலைமுறை பழகவிட்டு அளங்கள். இந்த வகை இனங்கள் ஒரு முறை பிரியவே சில நாட்கள் எடுக்கும், ஆகவே மொத்தமும் மாதக்கணக்கான வேலை. வரைகோடு உச்சம் வரை மெதுவாக ஏறி, அதற்கப்பால் செங்குத்தாக விழும். வெப்பம் கூடினால் வளர்ச்சி கூடும் என்ற நேர்க்கோட்டுக் கணக்கு அந்த விளிம்பில் கவிழ்ந்துவிடும்.

இன்னொரு குழப்பம்: மேல்நீர் சூடானால் அடுக்குப் பிரிவு இறுகும், கீழிருந்து நைட்ரேட் ஏறாது, டயாட்டங்கள் மூழ்கும், நீந்தத் தெரிந்த டைனோஃப்ளாஜெல்லேட்டுக்கு லாபம். அது வெப்பத்தின் நேரடி விளைவல்ல. உப்புத்தன்மை, நைட்ரேட், பாஸ்பேட் மூன்றையும் அதே நாளில் இரண்டு ஆழத்திலும் அளக்காவிட்டால் இதைப் பிரிக்கவே முடியாது.

உவர்நீர்:

மிக்க நன்றி இருவருக்கும். லூகால் மாதிரிகளில் சங்கிலி உடைந்து ஒற்றைச் செல்களாக, உருண்டையாகத்தான் கிடக்கின்றன. இவற்றிலிருந்தே டிஎன்ஏ எடுக்க முடியுமா, இல்லை தனியாக எடுக்க வேண்டுமா? இனங்களை அடையாளம் காணப் பயன்படும் 18எஸ் மரபணுவின் வி4 பகுதியைப் படித்துத் தர ஓர் ஆய்வகம் தயாராக இருக்கிறது.

மூலக்கூறு:

தனியாக எடுங்கள். லூகாலில் கிடந்ததிலிருந்து சில நேரம் கிடைக்கும், பல நேரம் பிசிஆர் (டிஎன்ஏவைப் பெருக்கும் முறை) ஓடாது. ஃபார்மலின் என்றால் கேட்கவே வேண்டாம்.

முதலில் உயிரோடு பாருங்கள். கவசமில்லாத செல்கள் லூகாலில் சுருங்கி உருமாறும், சங்கிலியும் அறுந்துபோகும். மாதிரியை ஐஸில் வைக்காமல், கடலின் அதே வெப்பநிலையில் நிழலில் கொண்டுவந்து, சில மணி நேரத்துக்குள் நுண்ணோக்கியில் வையுங்கள். கேட்டனேட்டமாக இருந்தால் நீண்ட சங்கிலி தெரியும், 64 செல்வரைகூடப் போகும். ஜிம்னோடினியம் இம்புடிகம், மார்கலெஃபிடினியம் இரண்டும் சங்கிலி போட்டு ஏமாற்றுபவை.

எண்ணுவதற்கு லூகால் தொடரட்டும். நீர் வெளிர் தேநீர் நிறத்துக்கு வந்தால் அளவு சரி. வெளிச்சத்தில் வைத்தால் அயோடின் வெளுத்துவிடும், மாதம் ஒருமுறை பார்த்துச் சில துளி சேர்க்க வேண்டும். கோக்கோலித் இனங்களையும் எண்ணப் போகிறீர்கள் என்றால் அமில லூகால் அவற்றின் சுண்ணத் தகடுகளைக் கரைத்துவிடும், அமிலமில்லாதது வேண்டும். உட்டர்மால் கலத்தில் (செல்களை அடியில் படியவிட்டு எண்ணும் கலம்) 50 மி.லி.-க்கு ஒரு நாள், 100 மி.லி.-க்கு இரண்டு நாள் படியவிடுங்கள். 400 செல் எண்ணினால் பிழை சுமார் 10 சதவீதம், 100 எண்ணினால் 20. அரிதான புதிய இனத்துக்கு 400 கிடைக்காது, அதனால் கலத்தின் அடி முழுவதையும் பார்த்து எண்ணுங்கள்.

டிஎன்ஏவுக்கு 1 லிட்டர், 0.22 மைக்ரான் வடிதாள். படகிலேயே தூய நீரை அதே கருவியில் வடித்து ஒரு வெற்று மாதிரியும் எடுங்கள். அது இல்லாத தரவை நான் நம்ப மாட்டேன். வடித்த தாளை உடனே பாதுகாப்புக் கரைசலில் போடுங்கள் அல்லது மைனஸ் 80-ல் வையுங்கள். வரிசைப்படுத்தும்போது இரு முனையிலும் தனித்த குறிகள் கேளுங்கள். இல்லாவிட்டால் பக்கத்து மாதிரியின் வரிசைகள் உங்களுடையதில் சில பத்து எண்ணிக்கையில் தாவி வந்து, “புதிய இனம்” போலவே காட்சி தரும்.

வி4 நல்ல தொடக்கம்தான், ஆனால் இனம் வரை போகாது. அலெக்ஸாண்ட்ரியத்தின் நெருங்கிய இனங்களை அது பிரிக்காது. ரைபோசோம் மரபணுக்களில் பெரிய துணையலகின் டி1-டி2 பகுதியையோ ஐடிஎஸ் என்ற இடைப்பகுதியையோ, தனிச் செல்லைப் பிப்பெட்டில் பிடித்தோ வளர்ப்பிலிருந்தோ படித்தால்தான் பெயர் உறுதி.

வரிசைகளின் எண்ணிக்கையைச் செல் எண்ணிக்கையாக எழுதாதீர்கள். டைனோஃப்ளாஜெல்லேட்டின் ஒரே செல்லில் இந்த மரபணு ஆயிரக்கணக்கான பிரதிகளில் இருக்கும். இன்னொன்று, டிஎன்ஏ செத்த செல்லிலிருந்தும் வரும். நங்கூரமிட்ட கப்பல் கொட்டிய நீரில் இருந்த பிணங்கள்கூட “கண்டறியப்பட்டது” என்று வரும். குடியேறிவிட்டது என்று சொல்ல, உயிருள்ள செல், சேற்றில் முளைக்கும் சிஸ்ட், ஒன்றுக்கு மேற்பட்ட பருவம் ஆகிய மூன்றும் வேண்டும்.

பழைய பட்டியலோடு ஒப்பிடும்போது பெயர்களைக் கவனியுங்கள். பிரான்சின் தோ கடற்கழியில் 1998-ல் பூத்தது அப்போது அலெக்ஸாண்ட்ரியம் கேட்டனெல்லா என்றே பதிவானது. 2014 திருத்தத்துக்குப் பின் அது பசிஃபிக்கம். பெயர் மாறியதை இனம் மாறியதாக எழுதிவிடாதீர்கள்.

பேலஸ்ட்கேள்வி:

கப்பல் வழியைச் சோதிக்க வேண்டும் என்றால் துறைமுகத்திடம் பேலஸ்ட் அறிக்கைப் படிவங்களைக் கேளுங்கள். எந்தத் தொட்டி, எங்கே நிரப்பியது, எங்கே கொட்டியது, எத்தனை கன மீட்டர் என்று அதில் இருக்கும். கப்பலிலும் பேலஸ்ட் பதிவேடு இரண்டு ஆண்டு இருந்தாக வேண்டும், அதன்பின் மூன்று ஆண்டு நிறுவனத்திடம். மூலத் துறைமுகங்களில் உங்கள் இனம் எங்கே உண்டு என்று பொருத்திப் பார்த்து, அங்கிருந்து பிரித்த கால்வழிகளோடு மரபணுவையும் ஒப்பிட்டால்தான் வாதம் முழுமை.

“இப்போதுதான் எல்லாக் கப்பலிலும் சுத்திகரிப்புக் கருவி இருக்கிறதே” என்று யாராவது சொல்வார்கள். பேலஸ்ட் உடன்படிக்கை 2004-ல் ஏற்கப்பட்டு 2017 செப்டம்பர் 8-ல் நடைமுறைக்கு வந்தது. கொட்டும் நீரில் எத்தனை உயிரி இருக்கலாம் என்று சொல்லும் டி-2 தரத்துக்குக் கடைசிக் கெடு 2024 செப்டம்பர் 8. அந்தத் தரம் பூஜ்ஜியம் கேட்கவில்லை. 50 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள உயிரி கன மீட்டருக்கு 10-க்குக் கீழ், 10 முதல் 50 மைக்ரானுக்குள் மி.லி.-க்கு 10-க்குக் கீழ். பெருக்கிப் பாருங்கள், இரண்டாவது வரம்பின்படி 10,000 கன மீட்டரில் 10,000 கோடி செல் வரை சட்டப்படியே கொட்டலாம். 10 மைக்ரானுக்குக் கீழே காலரா விப்ரியோ, ஈ. கோலை, என்டரோகாக்கை என்ற மூன்று சுட்டிப் பாக்டீரியாக்களைத் தவிர எந்த வரம்பும் கிடையாது. நுண்ணுயிரி விஷயத்தில் இந்த உடன்படிக்கை ஒரு வடிகட்டி, கதவல்ல.

கருவிகள் சறுக்கும் இடங்களும் தெரிந்தவைதான். கலங்கல் மிகுந்த துறைமுகத்தில் 40-50 மைக்ரான் வடிகட்டி அடைத்துக்கொள்ளும், அவசரத்தில் மாற்றுவழி வால்வைத் திறந்துவிடுவார்கள். அதே கலங்கல் புறஊதா ஒளியையும் மறைக்கும். மின்குளோரினேற்றத்துக்கு உப்பு வேண்டும், ஆற்றுமுக நன்னீரில் தடுமாறும். தொட்டியின் அடிச்சேற்றில் உள்ள சிஸ்ட் இவை எதற்கும் எளிதில் மசியாது. ஒரே கப்பலின் ஒரு தொட்டியில் 30 கோடிக்கும் மேல் நச்சு அலெக்ஸாண்ட்ரியம் சிஸ்ட் இருந்ததாகக் கணித்திருக்கிறார்கள்.

கப்பலையே பார்த்துக்கொண்டு சிப்பிக் குஞ்சுகளை மறந்துவிடாதீர்கள். பண்ணைக்காக வேறு கடலிலிருந்து கொண்டுவரும் குஞ்சுகளின் குடலிலும் ஓட்டுச் சேற்றிலும் சிஸ்ட்கள் வரும்.

சேற்றுப்படிவம்:

@பேலஸ்ட்கேள்வி, 2024-க்கு முந்தைய கொட்டல்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன். சிஸ்ட் பல ஆண்டு சேற்றில் காத்திருக்கும். இப்போது தெரியும் பூப்பும் இப்போதைய கப்பலும் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் இருக்கலாம்.

பேலஸ்ட்கேள்வி:

ஒப்புக்கொள்கிறேன். படிவங்கள் எவ்வளவு பின்னோக்கிக் கிடைக்கிறதோ அவ்வளவும் வாங்குங்கள்.

அகார்தட்டு:

விப்ரியோ பற்றி யாரும் தொடவில்லை. அங்கே “அயல்” என்ற கேள்வியே வேறு மாதிரி. விப்ரியோ வல்னிஃபிகஸ் பால்டிக்கில் புதிதாக வந்ததல்ல. நீர் சூடாகும் கோடையில் கண்டறியும் அளவுக்குப் பெருகுகிறது, குறைந்த உப்பு அதற்குத் தோது. 2014 வெப்பக் கோடையில் ஸ்வீடனிலும் பின்லாந்திலும் விப்ரியோ தொற்றுகள் கூடின. அலாஸ்காவில் 2004-ல் சமைக்காத சிப்பி தின்றவர்களுக்கு விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் தொற்று வந்தது. அந்த ஆண்டு ஜூலை, ஆகஸ்டில் பண்ணை நீரின் சராசரி 15 டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை. நகர்வது இனமல்ல, கால்வழி. 1996-ல் கொல்கத்தாவில் தெரிந்த, பாராஹீமோலிட்டிகஸின் ஓ3:கே6 வகை சில ஆண்டுகளில் தென் அமெரிக்கா வரை போய்விட்டது. எனவே இனப்பெயர் வரை கண்டுபிடித்தால் போதாது, முழு மரபணுத்தொகுதி படித்தால்தான் வந்ததா, முளைத்ததா என்பது தெரியும்.

மாதிரியை ஐஸின் மேல் நேரடியாக வைக்காதீர்கள், விப்ரியோ குளிர்ச்சியில் சீக்கிரம் அடிபடும். காரப் பெப்டோன் நீரில் 35-37 டிகிரியில் ஓர் இரவு வளர்த்து, மேலாடையிலிருந்து ஒரு கம்பிவளையம் எடுத்து டிசிபிஎஸ் என்ற, விப்ரியோவைத் தேர்ந்து வளர்க்கும் அகார் தட்டில் கோடிழுங்கள். மஞ்சள் நிறமாக வளரும் பாக்டீரியாக் கூட்டம் காலரா வகையாக இருக்கலாம், பச்சை பாராஹீமோலிட்டிகஸோ வல்னிஃபிகஸோ. நிறம் வெறும் சந்தேகம்தான், பிசிஆர் செய்துதான் பெயர் எழுத வேண்டும். குளிர்காலத்தில் தட்டு வெறுமையாக இருந்தால் “இல்லை” என்று எழுதாதீர்கள். குளிரில் இவை உயிரோடிருந்தும் தட்டில் வளராத நிலைக்குப் போய்விடும்.

உவர்நீர்:

தெளிவாகிவிட்டது. சேற்றுத் தூணும் வளர்ச்சிச் சோதனையும் முடிய ஒரு வருடமாவது ஆகும். அதுவரை அறிக்கையில் என்ன எழுதலாம்?

சேற்றுப்படிவம்:

இப்படி எழுதுங்கள்: “முன்பு பதிவாகாத, சங்கிலி அமைக்கும் டைனோஃப்ளாஜெல்லேட், ஜிம்னோடினியம் கேட்டனேட்டத்தை ஒத்தது, மூலம் அறியப்படாதது, இதே காலத்தில் வெப்பநிலை உயர்வும் பதிவாகியுள்ளது.” பழைய மாதிரிகள் எத்தனை, எந்த வலைக்கண், எவ்வளவு நீர் எண்ணப்பட்டது என்பதையும் சேருங்கள். 20 மைக்ரான் வலையே பயன்படுத்தாத காலத்துப் பட்டியலில் ஒன்று இல்லாதது பெரிய செய்தி அல்ல.

மூலம் தெரியும்வரை காத்திருக்கக் கூடாத வேலை ஒன்று உண்டு. அது கேட்டனேட்டமாக இருந்தால் பக்கவாத நச்சு சிப்பியில் சேரும், சமைத்தாலும் போகாது. பக்கத்தில் சிப்பி, மஸல் எடுக்கிறார்கள் என்றால் இந்த வாரமே சதையை நச்சுப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். கிலோவுக்கு 800 மைக்ரோகிராம் சாக்ஸிடாக்ஸின் (அந்தப் பக்கவாத நச்சு) சமானம் என்பதுதான் பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. நீரில் செல் குறைந்த பிறகும் சதையில் நச்சு சில வாரம் நிற்கும், ஆகவே தொடர்ந்து இரண்டு முடிவுகள் வரம்புக்குக் கீழே வரும்வரை எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.